அறுபத்தேழு மைல்

அமெரிக்க லாரி நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எந்த லோடு எங்கே போகிறது, யார் ஓட்டுகிறார், சரக்குக்காரருக்கு எவ்வளவு பில், ஓட்டுநருக்கு எவ்வளவு கூலி, எல்லாம் அதற்குள்தான் நடக்கிறது. கணக்கு எங்காவது இடித்தால் எங்களுக்கு டிக்கெட், அதாவது புகார், போடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன், மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படி ஒன்று வந்தது. நியூஜெர்சியில் கார்ட்டரெட்டிலிருந்து டென்னஸியில் மெம்பிஸுக்குப் போன லோடு. ஓட்டுநர் தன் ஓடோமீட்டரில் 1,118 மைல் ஓடியிருக்கிறது என்கிறார், சிஸ்டம் 1,051 மைலுக்குத்தான் சம்பளம் போட்டிருக்கிறது, சரிபார்க்கவும். சரிபார்த்தேன். அந்த நிறுவனம் எந்த மைலேஜ் முறையைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறதோ, அதன்படி 1,051 சரிதான். "மென்பொருள் வடிவமைத்தபடியே இயங்குகிறது" என்று ஒரு வரி எழுதி டிக்கெட்டை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அலுவலக எண்ணுக்கு ஒரு போன் வந்தது. என் பதிலின் அடியில் பெயரும் எண்ணும் இருக்கும். சம்பளப் பிரிவில் யாரோ அதை அப்படியே ஓட்டுநருக்கு அனுப்பிவிட்டிருக்கிறார்கள். "வணக்கம் தம்பி. பேரைப் பார்த்திட்டு எடுத்தனான். நீங்கள் தமிழ்தானே?" யாழ்ப்பாணத் தமிழ். ஸ்டேட்டன் ஐலண்டில் இருக்கிறாராம், 53 அடி டிரெய்லர் ஓட்டுகிறாராம். திட்டப்போகிறார் என்று நினைத்து நான் தயாராக இருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த அறுபத்தேழு மைலும் எங்க போனது தம்பி? ரோட்டுக்குத் தெரியும், வண்டிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உங்கட கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் தெரியேல்லை?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சம்பளத்துக்கான மைல் வேறு, ஓடோமீட்டர் மைல் வேறு, இது நிறுவனத்தின் கொள்கை, மென்பொருளில் பிழை இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, விளங்குது" என்று வைத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அந்த "விளங்குது"தான் போகவே இல்லை. ஏனென்றால் எனக்கே அது விளங்கியிருக்கவில்லை.

மேசையில் அளந்த சாலை

அந்த நிறுவனம் வைத்திருந்த முறைக்கு எச்.எச்.ஜி. மைல் என்று பெயர். வீட்டுச் சாமான் மைல் என்று சொல்லலாம். வீடு மாற்றிக் கொடுக்கும் நிறுவனங்கள், இன்ன ஊருக்கும் இன்ன ஊருக்கும் இடையே இவ்வளவு தூரம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு எண் வேண்டுமென்று தொகுத்த தூர அட்டவணைதான் அதன் மூலம். வாடிக்கையாளரோடு பில்லில் தகராறு வரக்கூடாது என்பதற்காக உண்டானது. பிற்பாடு அது மென்பொருளுக்குள் வந்து, சரக்கு லாரிகளுக்கும் பரவி, ஓட்டுநரின் கூலிக்கும் அளவுகோலாகிவிட்டது. ஊருக்கு ஒரு புள்ளி, அல்லது ஜிப் கோடுக்கு, அதாவது அஞ்சல் எண்ணுக்கு, ஒரு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் நடுவே எது குறுகிய வழியோ அது. கிடங்கின் வாசல் அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டில்லை.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து இரண்டு வழிகளையும் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அவர் போனது இந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் எல்லோரும் போகும் வழி: 78-ஆம் எண் நெடுஞ்சாலையில் பென்சில்வேனியா, அங்கிருந்து 81-இல் இறங்கி மேரிலாண்ட், மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா முழுக்க, அப்புறம் டென்னஸிக்குள் 40. கணக்கு போட்ட வழி அங்கங்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சின்னச் சின்ன ஊர்களின் நடுவே குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. காரில் போனால் அழகான வழி. 80,000 பவுண்டு எடையோடு, பதின்மூன்றரை அடி உயர டிரெய்லரை இழுத்துக்கொண்டு அந்த வழியில் யார் போவார்கள்? பாலம் இடிக்கும், வளைவில் திரும்பாது, பல இடங்களில் லாரிக்கு அனுமதியே இருக்காது. போனால் அந்த நிறுவனமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிடும். எந்த வழியில் போகக்கூடாது என்று சொல்கிறார்களோ அந்த வழிக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். இதில் மட்டும் 41 மைல் போயிற்று.

மீதி 26 மைலைப் பிறகு அவரே சொல்லித் தெரிந்துகொண்டேன். வர்ஜீனியாவில் நிறுவனம் காட்டிய இடத்தில்தான் டீசல் போட வேண்டும், அதற்காகச் சுற்றியது 8 மைல். மெம்பிஸில் ஒரு வாசலுக்குப் போக, காவலாளி இது இல்லை, வேறு வாசல் என்று திருப்பி அனுப்பியதில் 6. மிச்சம் 12 மைல் நாக்ஸ்வில்லுக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் தேடியது. சட்டப்படி ஒரு ஓட்டுநர் மொத்தம் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, அதற்குப் பிறகு 10 மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். நேரம் முடியப்போகிறது, டிரக் ஸ்டாப் நிறைந்து வழிகிறது, அடுத்ததும் நிறைந்திருக்கிறது, வந்த வழியே திரும்பி ஒரு ஓய்விடத்தின் கடைசி மூலையில் போய் நிறுத்தியிருக்கிறார். இது சொகுசுக்காகச் சுற்றியது இல்லை. 2009-இல் தென் கரோலினாவில் ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர், சரக்கு இறக்கும் நேரம் வரும்வரை காத்திருக்க இடமில்லாமல், மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். லாரி நிறுத்துமிடங்களைப் பற்றி 2012-இல் வந்த சட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பத்திரமாக ஒரு இடம் தேடி ஓட்டும் 12 மைல் அவ்வளவு கனமானது. சம்பள அட்டவணையில் அது இல்லை.

பக்கத்து டேபிளில் இருந்தது

இதெல்லாம் தெரிந்த பிறகும், "அளக்க வசதி இல்லாத காலத்து வழக்கம், அப்படியே தொடர்கிறது" என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் கடைசி வாரத்தில் அந்த நினைப்பு உடைந்தது.

லாரி நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எரிபொருள் வரிக் கணக்கு கொடுக்க வேண்டும். இஃப்டா என்பார்கள். ஒரு மாநிலத்தில் டீசல் போட்டு நாலு மாநிலத்தில் ஓட்டினால், எந்தெந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடியதோ அதற்கேற்ப வரியைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 1991-இல் வந்த மத்தியச் சட்டம், 1996-க்குள் மாநிலங்கள் இதில் சேர்ந்தாக வேண்டும் என்றது. இப்போது அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக 48 மாநிலங்களும், கனடாவின் 10 மாகாணங்களும் இதில் இருக்கின்றன. முதல் காலாண்டின் கணக்குக்கு ஏப்ரல் 30 கடைசி நாள். அதற்கு முந்தைய வாரம் எங்களுக்குத் தூக்கமே இருக்காது. அந்த வாரம் அதே நிறுவனத்தின் இஃப்டா அறிக்கையில் மேரிலாண்ட் வரி இரண்டு முறை விழுகிறது என்று ஒரு டிக்கெட். வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு லோடு எண் கண்ணில் பட்டது. ஏற்கெனவே பார்த்த எண். கார்ட்டரெட்–மெம்பிஸ்.

நியூஜெர்சி 66. பென்சில்வேனியா 168. மேரிலாண்ட் 12. மேற்கு வர்ஜீனியா 26. வர்ஜீனியா 338. டென்னஸி 508. கூட்டிப் பார்த்தேன், கை நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை. 1,118.

நாக்ஸ்வில்லுக்கு முன்னால் இடம் தேடிய 12 மைலும் அதில் இருக்கிறது. மெம்பிஸில் வாசல் மாறிய 6 மைலும் இருக்கிறது. டீசலுக்குச் சுற்றிய 8 மைலும் இருக்கிறது. ஏனென்றால் வரிக்கு அட்டவணை தூரம் செல்லாது, வண்டி உண்மையில் ஓடிய தூரம்தான் வேண்டும். பதிவுகளை நாலு வருடம் வைத்திருக்க வேண்டும், தணிக்கையாளர் கேட்டால் காட்ட வேண்டும். மேரிலாண்டில் அந்த நெடுஞ்சாலை மொத்தமே 12 மைல்தான், பதினைந்து நிமிடத்தில் கடந்துவிடலாம், அந்த 12 மைலையும் மேரிலாண்ட் அரசு விடுவதில்லை.

இரண்டு டேபிள்களும், அதாவது தகவல் அட்டவணைகளும், ஒரே டேட்டாபேஸில் இருக்கின்றன. ஒன்று சம்பளத்துக்கு, ஒன்று வரிக்கு. இரண்டையும் இணைப்பது அதே லோடு எண். ஒரே ஒரு குவெரி எழுதினால் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்: கொடுத்தது 1,051, ஓடியது 1,118. அதுவரை ஒன்பது வருடம் இந்த இரண்டு டேபிள்களோடும் புழங்கியிருக்கிறேன். ஒருமுறைகூட இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. "உங்கட கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் தெரியேல்லை" என்று அவர் கேட்டாரே, கம்ப்யூட்டருக்குத் தெரியும். எப்போதும் தெரிந்தேதான் இருந்தது. ஆயில் மாற்ற எத்தனை மைல், டயர் தேய எத்தனை மைல், வாரன்டி முடிய எத்தனை மைல், அத்தனைக்கும் உண்மையான மைலைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. 2017 டிசம்பரிலிருந்து மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயம். வண்டி எப்போது நகர்ந்தது, எப்போது நின்றது என்று நிமிடக் கணக்கில் தெரியும். எல்லாவற்றுக்கும் உண்மை மைல், ஓட்டுகிறவரின் கூலிக்கு மட்டும் மேசை மைல். வாங்க ஒரு மரக்கால், அளக்க ஒரு மரக்கால் என்று நம் ஊரில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சின்ன மரக்காலைச் செய்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"ரேட்டைக் குறைத்துவிடுவார்கள்"

இதை அலுவலகத்தில் பேசியபோது, எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் சொன்ன பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இந்தத் துறையில் முப்பது வருடம் இருந்தவர், ஓட்டுநர்கள்மேல் அக்கறை உள்ளவர். "உண்மை மைலுக்குக் கொடு என்றால், மைலுக்கான ரேட்டைக் குறைத்துவிடுவார்கள். ஓட்டுநரின் கையில் வரும் தொகை மாறாது" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,051 மைலுக்கு 52 சென்ட் வீதம் 546 டாலர் 52 சென்ட். அதை 1,118-ஆல் வகுத்தால் மைலுக்கு 48.9 சென்ட். அப்படியானால் 48.9 என்று விளம்பரத்தில் போடட்டுமே. 52 என்று போட்டு ஆளெடுத்தது அவர்கள்தானே?

நெடுஞ்சாலையில் பல டிரெய்லர்களின் பின்பக்கத்தில் "மைலுக்கு இத்தனை சென்ட்" என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். ஓட்டுநர்கள் அதை வைத்துத்தான் நிறுவனத்தை ஒப்பிடுகிறார்கள். லாரி போகக்கூடிய வழியை வைத்து மைல் கணக்கிடும் நிறுவனங்களும் உண்டு, அதற்குப் பிராக்டிகல் மைல் என்று பெயர். அந்த முறையில் இதே லோடு 1,092 மைல். அப்படி ஒரு நிறுவனம் 50 சென்ட் கொடுத்தால் 546 டாலர். 52 சென்ட்காரரும் 50 சென்ட்காரரும் கொடுப்பது ஏறக்குறைய ஒரே கூலி. விளம்பரத்தைப் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? எந்த மைல் என்று எங்குமே எழுதியிருக்காதே. விலை குறைவாக இருப்பதைக்கூட ஒரு மனிதர் ஏற்றுக்கொள்ளலாம், ஏற்காமல் வேறு இடம் போகலாம். அளவே வேறாக இருந்தால் அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பும் அவர் கையில் இல்லை.

மைல் எல்லாம் எண்ணினால் ஓட்டுநர்கள் ஊரைச் சுற்றிவிட்டு வருவார்கள் என்றும் ஒரு வாதம் உண்டு. ஒருவர் வழி மாறிப் போனால் பத்து நிமிடத்தில், வண்டிகளை அனுப்பிக் கண்காணிக்கும் டிஸ்பாட்ச்சரின் திரையில் சிவப்பு எச்சரிக்கை வரும். அதை எழுதியது எங்கள் குழு. அதனால் இந்த வாதத்துக்கு இதற்குமேல் பதில் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு லோடுக்கு 34 டாலர் 84 சென்ட் சின்னத் தொகையாகத் தெரியலாம். நெடுந்தூர ஓட்டுநர் ஒருவர் வருடத்துக்கு ஒரு லட்சம் மைலுக்கு மேல் சர்வசாதாரணமாக ஓட்டுவார். 1,10,000 என்று வைத்துக்கொண்டால், இதே ஆறு சதவீதம் 6,600 மைல். ஒரு நாளைக்கு 600 மைல் ஓட்டினால் பதினொரு நாள். பிள்ளையின் பள்ளி விழாவுக்கும் வராமல், வண்டிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒடுக்கமான படுக்கையில் தூங்கி எழுந்து, பதினொரு முழு நாள் சும்மா ஓட்டிக் கொடுக்கிறார். கிடங்கில் சரக்கு ஏற்ற இறக்கக் காத்திருக்கும் மணிக்கணக்கு இதில் சேரவில்லை, அதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும்.

சட்டம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். 1938-இல் வந்த தொழிலாளர் நியாயத் தரச் சட்டம் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி என்றது. மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரி ஓட்டுநர்களை அந்த விதியிலிருந்து விலக்கி வைத்துவிட்டது. அவர்களின் வேலை நேரத்தை 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு ஆணையத்திடம் ஒப்படைத்திருந்தது என்பது காரணம். அந்த ஆணையமே இன்றைக்கு இல்லை, விலக்கு மட்டும் இருக்கிறது. அதை நீக்க 2022-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. மைல் குறைப்பை எதிர்த்து அரிசோனாவில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஓட்டுநர்கள் 2004-இல் வழக்குப் போட்டார்கள். அது 2019-இல்தான் சமரசத்தில் முடிந்தது. பதினைந்து வருடம். முதலில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அதற்குள் வண்டி ஓட்டுவதையே விட்டிருப்பார்கள் என்று யோசித்தால் மனசு கனக்கிறது.

நோட்டுப் புத்தகம்

மே மாதம் அந்த ஸ்டேட்டன் ஐலண்ட் ஓட்டுநரை நான் கூப்பிட்டேன். நிறுவனத்தின் தரவை அவருக்கு எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை, கொடுக்கவும் இல்லை. இஃப்டா என்று ஒன்று இருக்கிறது, அதற்கு உண்மை மைல் தேவை, உங்கள் பயணப் பதிவை உங்கள் நிறுவனத்திடமே எழுதிக் கேளுங்கள், கூடவே எந்த மைலேஜ் முறையில் கூலி போடுகிறார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள் என்று சொன்னேன். இரண்டு மாதம் முன்னால் நான் சொன்ன பதில் தவறு என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நீங்கள் எடுத்துச் சொன்னதே பெரிய காரியம் தம்பி. பதிவு எண்டால் என்னட்டையும் இருக்கு. நான் எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்" என்றார்.

அன்று மாலையே வாட்ஸாப்பில் படம் வந்தது. பாக்கெட்டில் அடங்கும் சின்ன நோட்டு, நீல மையில் எழுதிய பக்கம். ஒவ்வொரு பயணத்துக்கும் மூன்று வரி. முதல் வரியில் தேதியும், புறப்படும்போது ஓடோமீட்டர் எண்ணும். இரண்டாவது வரியில் போய்ச் சேர்ந்தபோது இருந்த எண். மூன்றாவது வரியில் கழித்து வந்த மைல், அதற்குப் பக்கத்தில் கூலிச்சீட்டில் வந்த மைல், வேறு மையில். ஊர்ப் பெயர்கள் எல்லாம் தமிழில்: ஹாரிஸ்பர்க், ரோனோக், நாக்ஸ்வில், மெம்பிஸ். இடம் தேடி அலைந்த நாட்களில் ஓரத்தில் சின்னதாக "பார்க்கிங்" என்று குறிப்பு. ஒரு வரியில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. இப்படி ஒன்பது நோட்டுகள், ஏழு வருடத்துக்கு.

எங்கள் மென்பொருளில் ஒரு மாற்றத்துக்கு எழுதிப்போட்டேன். கூலிச்சீட்டில் எந்த மைலேஜ் முறை என்ற பெயரும், வண்டி உண்மையில் ஓடிய மைலும் அச்சாக வேண்டும். ஐந்து மாதம் வாதாடிய பிறகு அது வந்தது. நிறுவனங்கள் விரும்பினால் இயக்கிக்கொள்ளலாம் என்ற அளவில்தான் வந்திருக்கிறது, கடைசியாகப் பார்த்தபோது மூன்று நிறுவனங்கள் இயக்கியிருந்தன. அவருடைய நிறுவனம் அதில் இல்லை. அவரும் இப்போது அங்கே இல்லை, பிராக்டிகல் மைல் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு மாறிவிட்டார். "இப்பவும் முழுசா வரேல்லை. ஆனால் என்ன கணக்கெண்டு முதல் நாளே பேப்பரில தந்தவங்கள்" என்றார்.

பழைய நோட்டுகளோடு ஒரு வக்கீலைப் பார்க்கலாம் என்று இருக்கிறார். அவர் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்ப, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு நோட்டுக்கு மூன்று, நாலு வாரம் ஆகிறது. போன ஞாயிறு இரண்டாவது நோட்டு முடிந்தது. இதுவரைக்கும் வித்தியாசம் 9,346 மைல். இன்னும் ஏழு நோட்டு இருக்கிறது.